எழுநூற்று இருபதாவது மணி

எழுநூற்று இருபது மணி நேரம் முடிவதற்கு இன்னும் பத்து மணி இருபது நிமிடம் இருந்தது. காலை ஆறு இருபது. டாக்டர் கட்டிலருகே குனிந்து அண்ணனின் இமையைத் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்து, எதிரே நின்ற தங்கையிடம் ஒரு வாக்கியம் சொல்ல வாயெடுத்தார்.

மூலையில் உட்கார்ந்திருந்த உயிர்க் கண்காணிப்பாளர் உடனே எழுந்து கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். டாக்டர் சொன்னது ஐந்து சொற்கள். தண்ணீர் நான்கு நிமிடம் ஓடியது.

வெளியே வந்தவரின் கைகள் நனைந்திருக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதினார்: "காலை 6.30. நிலையில் மாற்றமில்லை."

"சார், டாக்டர் இப்பதான் சொன்னாரு. எங்க அண்ணன்..."

"இருங்கம்மா. நான் இன்னும் டீ குடிக்கல," என்றார் அவர். "வெறும் வயித்துல நான் எதையும் கேட்டுக்கறதில்ல."

பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனவர் அதன் பிறகு அறைப் பக்கம் வரவில்லை. அங்கே உட்கார்ந்தபடியே அரை மணிக்கு ஒருமுறை தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பினார். மாற்றமில்லை. ஒரு விதத்தில் அது உண்மையும்கூட.

அவர் சாலைப் பாதுகாப்பு வாரியத்தின் ஊழியர். விபத்து நடந்த மறுநாளே வந்து சேர்ந்தார். பொது வார்டில் கிடந்த அண்ணனைத் தனி அறைக்கு மாற்றியவர் அவர்தான். வேறு ஊரிலிருந்து பெரிய டாக்டரை வரவழைத்தது வாரியம். புதிய எந்திரம் வந்தது. வாரியச் செயலாளர் தினம் இரண்டு முறை போன் செய்து, "அண்ணன் மூச்சு விடறாரா?" என்று விசாரித்தார். பதினைந்தாம் நாள் கண்காணிப்பாளர் ஒரு கேக் வாங்கி வந்து, "பாதி தாண்டியாச்சு" என்று வெட்டினார்.

தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்தும் வேலை செய்பவள். அண்ணன் சின்னதாக ஒரு புத்தக பைண்டிங் கடை வைத்திருந்தார். இப்படிப்பட்ட குடும்பத்தின் மேல் ஒரு வாரியம் இவ்வளவு அன்பு வைத்திருப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கண்காணிப்பாளருக்கு இலவசமாக ஒரு கண்ணாடி செய்து கொடுத்தாள்.

இருபத்தோராம் நாள் நர்ஸ்தான் விஷயத்தை உடைத்தாள்.

"ஏங்க்கா, நீங்க வெகுளியா, இல்ல நடிக்கறீங்களா? அவங்களுக்கு உங்க அண்ணன் பொழைக்கணும்னு இல்ல. முப்பது நாள் தாண்டணும். அவ்வளவுதான்."

விதி எளிமையானது. விபத்து நடந்து எழுநூற்று இருபது மணி நேரத்துக்குள் ஒருவர் உயிர் பிரிந்தால் அது சாலை மரணம். ஒரு நிமிடம் தாண்டினாலும் சொந்த மரணம். ஒரே சந்திப்பில் ஒரு வருடத்துக்குள் மூன்று சாலை மரணங்கள் பதிவானால் அங்கே வாரியம் சிக்னல் வைத்தே ஆக வேண்டும். பள்ளிக்கூடச் சந்திப்பில் இந்த வருடம் இரண்டு பதிவாகியிருந்தன: ஒரு பால்காரர், ஓய்வுபெற்ற ஒரு டைப்பிஸ்ட்.

அதே சந்திப்பு வழியாகத்தான் "நில்லாச் சாலை" போகிறது. பதினான்கு கிலோமீட்டர், ஒரு சிக்னல்கூடக் கிடையாது. வாரியத்தின் பதினொரு வருடக் கனவு. திறப்பு விழா இன்று மாலை. நடுவில் ஒரு சிக்னல் வந்தால் அதை நில்லாச் சாலை என்று சொல்ல முடியாது. கல்வெட்டும் வெட்டியாகிவிட்டது.

தங்கைக்கு எட்டு வயதில் ஒரு மகள். வாண்டு என்று கூப்பிடுவார்கள். அப்பா கப்பலில் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் வாண்டைக் கைப்பிடித்துச் சாலையைக் கடக்கவைப்பது மாமாவின் வேலை. முப்பது நாள் முன்பு அப்படித்தான் அவளை இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டுவிட்டு, கடைக்குத் திரும்ப மறுபடி சாலையில் இறங்கினார். அப்போது மணி நாலு நாற்பது.

வாண்டு இன்னும் ஒன்பது வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும்.

"அக்கா, டாக்டர் இறப்புத் தாள் எழுதிட்டாரு," என்றாள் நர்ஸ் இன்று காலை. "வாரியத்துல பதிஞ்சாதான் இது செல்லும். நாலு நாப்பதுக்குள்ள போயிடுங்க. இல்லன்னா இது உங்க அண்ணனோட சொந்த விஷயம் ஆயிடும்."

தங்கை அழுவதை நாலு நாற்பத்தொன்றுக்குத் தள்ளிவைத்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரியத் தலைமையகம் ஆறு கிலோமீட்டர். ஏழரைக்கு ஆட்டோவில் ஏறினாள். எட்டரைக்கு ஆட்டோ ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டியது.

"எவ்வளவு நேரம் ஆகும்ணா?"

"முன்னாடி பதினஞ்சு நிமிஷம்," என்றார் ஆட்டோக்காரர். "அப்புறம் ரோட்டை அகலப்படுத்தினாங்க. அரை மணி ஆச்சு. அப்புறம் மேம்பாலம் கட்டினாங்க. ஒண்ணரை மணி. இன்னைக்கு நில்லாச் சாலை தொறக்கறாங்களாம். இனிமே சோறு கட்டிக்கிட்டுத்தான் வண்டி எடுக்கணும்."

ஆட்டோவின் ரேடியோவில் வாரியத்தின் அறிவிப்பு வந்தது. ஒரு பெண்குரல், மிகவும் கனிவாக: "அன்பான பயணிகளே, நீங்கள் நெரிசலில் இல்லை. அடர்த்தியான நகர்வில் இருக்கிறீர்கள்."

"நகர்வுன்னு எதைச் சொல்றா இவ," என்று ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்தார்.

ஒன்பதரைக்கு இறங்கி நடந்தாள். நடைபாதை நெடுக வாரியத்தின் விளம்பரப் பலகைகள் நட்டிருந்தன. "நடைபாதையில் மட்டுமே நடப்பீர்" என்று ஆளுயர எழுத்தில். பலகைகளுக்கு இடையே ஒரு ஆள் நுழைய முடியாது. ஆகவே மக்கள் சாலையில் இறங்கி நடந்தபடி அவற்றைப் படித்தார்கள். ஒரு பலகை மோதி ஒருவருக்கு நெற்றி கிழிந்திருந்தது. அது சாலை விபத்தில் சேராது.

தலைமையகத்தை அடைந்தபோது பத்து ஐம்பது. வாசலில் அவளுக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள். கட்டிடத்துக்குள் பார்வையாளர்கள் ஹெல்மெட் அணிய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் பெல்ட் போட வேண்டும். பெல்ட் போட்டுக்கொண்டு எட்டு நிமிடப் பாதுகாப்புப் படம் பார்த்தாள். படத்தின் முடிவில் ஒரு உறுதிமொழி: "என் விபத்துக்கு நானே பொறுப்பு." மூன்று முறை சொல்லவைத்தார்கள். இரண்டாவது முறை அவள் குரல் எழும்பவில்லை என்று நான்காவது முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

உள்ளே நீண்ட நடைக்கூடம். நடுவில் ஒரு சிக்னல் இருந்தது. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. தரையில் வரிக்குதிரைக் கோடுகள், வழவழப்பாக, புதிய வெள்ளைப் பெயின்ட்டில்.

"இங்க எதுக்கு சிக்னல்?" என்று பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டாள்.

"இந்த முக்குல டீ கொண்டு வர்றப்போ மூணு தடவை மோதிக்கிட்டாங்க. ஒரு ஐயாவோட சட்டை கறையாயிடுச்சு. மறுநாளே வெச்சுட்டாங்க."

பச்சை விழுந்ததும், வாசலில் சொல்லியிருந்தபடி புள்ளிவிவர அதிகாரியின் அறைக்குப் போனாள். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள்.

புள்ளிவிவர அதிகாரி மகிழ்ச்சியான மனிதர். சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது, கோடு செங்குத்தாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

"உக்காருங்க. பெல்ட். ஆங். நீங்க பைண்டிங் கடைக்காரரோட தங்கச்சி. எங்க எல்லாருக்கும் உங்க குடும்பம் ரொம்ப வேண்டப்பட்டது. சொல்லுங்க, அண்ணன் நல்லா இருக்காருல்ல?"

"இல்ல சார். இன்னைக்குக் காலைல ஆறு இருபதுக்கு..."

"ஆறு இருபதுக்கு முழிச்சாரா. நல்லது," என்று எழுதிக்கொண்டார்.

"முழிக்கல சார்."

"தூங்கட்டும். தூக்கம் நல்லது." அதையும் எழுதிக்கொண்டார்.

அவள் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பூச்சி விழுந்த மாதிரி தாளைப் பார்த்தார், படிக்கும் தூரத்துக்கு வராமல்.

"என் கண்ணாடி ரிப்பேர்ல இருக்கு," என்றார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

"உங்க கண்ணாடி நல்லாதான் சார் இருக்கு. ரெண்டு பக்கமும் மைனஸ் ஒண்ணே முக்கால். நான் இந்த வேலைதான் செய்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, கோவப்படாதீங்க. இந்த வரைபடத்தைப் பாருங்க. மரணத்தைக் குறைக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ரோட்டைச் சரி பண்றது. அதுக்குப் பத்து வருஷம் ஆகும், யார் உயிரோட இருக்கப் போறாங்க. இன்னொண்ணு, மரணம்னா என்னன்னு சரியா விளக்கறது. அதை நாங்க ஒரே மத்தியானத்துல முடிச்சோம். முன்னாடி ஒரு வருஷம்னு இருந்துச்சு. முப்பது நாள்னு மாத்தினோம். அன்னைக்கு ஒரே நாள்ல நூத்தியிருபது பேரைக் காப்பாத்தியிருக்கோம்."

"அவங்கல்லாம் இப்ப எங்க சார் இருக்காங்க?"

"அது சுகாதாரத்துறை." அவர் எழுந்து நின்றார். "அடுத்த வருஷம் ஏழு நாள்னு கொண்டு வரப் போறோம். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி வாசல். உள்ள கொண்டு போயிட்டா அது சாலையே இல்லையே. இந்தத் தாளை மரணப் பிரிவுத் துணை இயக்குநர்தான் வாங்கணும். அவரு விழாவுக்குப் போயிட்டாரு. நாளைக்கு வாங்க."

நடைக்கூடத்தில் சிவப்பு விழுந்திருந்தது. தரை துடைக்கும் அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"தாளை வாங்கலையா? வாங்க மாட்டாங்க. பதினேழு வருஷமா இங்க கூட்டறேன், ஒரு தாளை இவங்க கையால வாங்கி நான் பார்த்ததில்ல. வாயால சொல்லு."

"சொல்ல விட மாட்டேங்கறாங்கம்மா."

"ஒருத்தர்கிட்ட சொன்னா விட மாட்டாங்க. மூணு அதிகாரிங்க காதுல ஒண்ணா விழுந்துட்டா பதிஞ்சே ஆகணும். அப்படி ஒரு சட்டம் இருக்கு, பழசு, எடுக்க மறந்துட்டாங்க. அதான் பாரு, இங்க ரெண்டு பேர் நிக்கற இடத்துக்கு மூணாவது ஆள் வரமாட்டான். டீ குடிக்கக்கூடத் தனித்தனியாதான் போவானுங்க."

தங்கை நடைக்கூடத்தைப் பார்த்தாள். ஒரு தூணுக்குப் பக்கத்தில் இரண்டு அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் ஒருவர் வந்தார், எண்ணிப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

விழா நடக்கும் பள்ளிக்கூடச் சந்திப்பு அங்கிருந்து எட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றாள். பிறகு நடந்தாள். நில்லாச் சாலையின் திறப்பு விழா மேடையை நில்லாச் சாலையின் நடுவிலேயே போட்டிருந்தார்கள். நான்கு தடங்களில் மூன்று அடைபட்டிருந்தன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டிகள் நின்றன. ஒரு ஆம்புலன்ஸ் நடுவில் கத்திக் கத்திக் கடைசியில் தானாகவே ஓய்ந்துபோனது. கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வாரியத் தலைவரின் பேச்சைப் பதினான்கு கிலோமீட்டருக்கும் கேட்கச் செய்வது என்று தீர்மானம்.

நாலு ஐந்துக்கு மேடைக்குப் பின்புறம் வந்து சேர்ந்தாள். மரணப் பிரிவுத் துணை இயக்குநர் மேடைப் படிக்கட்டுக்குக் கீழே தனியாக நின்றிருந்தார். மெலிந்த, மென்மையான மனிதர். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார்.

"சார், நான் பைண்டிங் கடைக்காரரோட தங்கச்சி."

"தெரியும்மா. நாலு நாப்பத்தொண்ணுக்கு வாங்க. உக்காந்து நிதானமா அழலாம். நானும் கூட அழறேன்."

"இப்பவே கேளுங்க சார். ஒரே ஒரு வார்த்தை."

"காதுல பஞ்சும்மா. ஒண்ணும் கேக்காது."

"பின்ன நான் சொன்னதுக்கெல்லாம் பதில் சொல்றீங்க?"

துணை இயக்குநர் வருத்தத்தோடு பஞ்சை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டார். "இதைத்தான் பொதுமக்கள் ஒத்துழைப்பு இல்லைன்னு நாங்க ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதறோம்," என்று சொல்லிவிட்டு மேடை ஏறிப் போனார்.

மேடையின் ஓரத்தில் பள்ளிக்கூடக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லோர் கையிலும் "போ" என்று எழுதிய பச்சை அட்டை. இரண்டு மணியிலிருந்து வெயிலில் நிற்கிறார்கள். வாண்டு அம்மாவைப் பார்த்ததும் வரிசையிலிருந்து எட்டிக் குனிந்தாள்.

"அம்மா, மாமா எந்திரிச்சிட்டாரா?"

"அப்புறம் சொல்றேன்டி."

"அப்புறம் அப்புறம்னே சொல்ற. நேத்தும் அதான் சொன்ன."

காலையிலிருந்து எல்லோரும் தங்கையிடம் சொன்னது அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. டீச்சர் வாண்டின் தோளைப் பிடித்து நேராக நிறுத்தினார்.

மைக்கில் வாரியத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். ஒரே ஒரு இடையூறுதான், மனிதர்கள். நாங்கள் மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தோம். சாலையைக் கடக்காத ஒருவர்கூடச் சாலையைக் கடக்கும்போது அடிபடவில்லை என்று தெரியவந்தது." கைதட்டினார்கள். "என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறேன். ஒரு நாள்கூட ரோட்டில் நடந்தது கிடையாது. என் உடம்பில் ஒரு கீறல் காட்டுங்கள், பார்க்கலாம். என்னால் முடிகிறது. மக்களால் ஏன் முடியவில்லை? சிலர் சிக்னல் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் இருக்கிறதாம். பள்ளிக்கூடத்தைத் தவறான பக்கத்தில் கட்டியது யார்? நாங்களா?"

பள்ளிக்கூடத்தைக் கட்டி அறுபது வருடம் ஆகிறது. அப்போது அங்கே சாலை இல்லை.

பின்னாலிருந்து யாரோ தங்கையின் கையைப் பிடித்தார்கள். வாரியத்தின் விளம்பரப் பிரிவுப் பெண். கையில் ஒரு பட்டியலும் கேடயமும் இருந்தன.

"நீங்கதானே பைண்டிங் கடை? காலைலேருந்து உங்களை ஊரெல்லாம் தேடறேன். போன் எடுக்க மாட்டீங்களா? வாங்க, மேல வாங்க."

"எதுக்கு?"

"கேடயம் வாங்கத்தான். எழுநூத்தியிருபது மணி நேரம் உயிரோட இருந்ததுக்கு வாரியம் கொடுக்குது. முதல் ஆளே உங்க அண்ணன்தான்." கேடயத்தைக் காட்டினாள். தேதியும் நேரமும் பொறித்திருந்தது. மாலை 4.40.

"உங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"ஏன் சொல்லாம? ஆஸ்பத்திரிலேருந்து அரை மணிக்கு ஒரு தடவை தகவல் வருதே. மாற்றமில்லையாம். கடைசித் தகவல் நாலு மணிக்கு." அவள் தங்கையின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். "பயப்படாதீங்க. ரெண்டே வார்த்தைதான். 'எங்க அண்ணன் நல்லா இருக்காரு, வாரியத்துக்கு நன்றி.' சொல்லிட்டு இறங்கிடுங்க. தலைவர் டீக்குப் போகணும்."

நாலு முப்பத்தாறுக்கு அவள் பெயரை அழைத்தார்கள்.

தங்கை படியேறுவதைத் துணை இயக்குநர் பார்த்தார். பாதி எழுந்தார். அவளைத் தடுக்க வேண்டுமானால் ஏன் தடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் அவருக்குத் தெரியும் என்று ஆகும். தெரியும் என்றால் அவர் கேட்டிருக்க வேண்டும். அவர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி உட்கார்ந்தார்.

"என்னய்யா?" என்றார் பக்கத்திலிருந்த செயலாளர்.

"ஒண்ணுமில்ல சார். உங்ககிட்ட பஞ்சு இருக்கா?"

"எதுக்கு?"

மேடையில் பதினொரு அதிகாரிகள் மாலையோடு வரிசையாக அமர்ந்திருந்தார்கள். வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவர்கள் அப்படி உட்காருவார்கள்.

தங்கை இதுவரை மைக்கில் பேசியதில்லை. கடையில் அவள் பேசுவதெல்லாம் எண்கள்தான், அதுவும் முதலாளி கேட்டால். இப்போது கீழே ஐந்நூறு பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பதினான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டிகள் நின்றன. ஒவ்வொரு வண்டியின் தலைக்கு மேலும் ஒரு ஒலிபெருக்கி. அவள் மூச்சு விட்டது அவளுக்கே எங்கிருந்தோ திரும்பக் கேட்டது.

அவள் மைக்கை விட்டு நகர்ந்து, குழந்தைகளின் வரிசைக்குப் போய், வாண்டின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். படம் நன்றாக வரும் என்று விளம்பரப் பிரிவுப் பெண் தலையாட்டினாள். தலைவர் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். மணி நாலு முப்பத்தெட்டு.

"எங்க அண்ணன் நல்லா..." என்று ஆரம்பித்தாள்.

பதினொரு அதிகாரிகளும் புன்னகைத்தார்கள். துணை இயக்குநர்கூடச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"...பைண்டிங் பண்ணுவாரு," என்றாள். "தையல் ஒண்ணுகூடப் பிரியாது. பள்ளிக்கூடம் விடற நேரத்துக்குக் கடையை அப்படியே போட்டுட்டு வந்து, தினம் இந்தப் பொண்ணைக் கையைப் பிடிச்சு இந்த ரோட்டைத் தாண்ட வைப்பாரு. இதோ, இந்த மேடை இருக்கற இடத்துலதான் அடிபட்டாரு."

வாண்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். தங்கை அவளைப் பார்த்தபடியே, மைக்கை விட்டு விலகாமல் சொன்னாள்:

"இன்னைக்குக் காலைல ஆறு இருபதுக்கு மாமா செத்துட்டாருடி."